கூட்டம் கூட்டாமல் தொடங்கிய வேலை

பாண்டிருப்பிலிருந்து மேற்கே போய், கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் நாவிதன்வெளி, மத்திய முகாம் வயல்கள் விரிகின்றன. இந்த வயல்களில் பலவற்றுக்கு நீர் வருவது இங்கினியாகலையிலிருந்து. பட்டிப்பளை ஆற்றை அங்கே மறித்து உண்டாக்கிய சேனநாயக்க சமுத்திரத்தின் இடதுகரை வாய்க்கால் அதைக் கொண்டு வருகிறது. வாய்க்காலின் தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றங்கள். கடைக்கோடியில் தமிழ் பேசும் விவசாயிகள். 1956ஆம் ஆண்டு கல்லோயாவில் நடந்த வன்செயலை இப்பகுதி முதியவர்கள் மறக்கவில்லை. இங்கே தண்ணீர்ப் பங்கீடு வெறும் தண்ணீர் விடயமாக என்றுமே இருந்ததில்லை.

1980ஆம் ஆண்டளவில் நாட்டிலேயே மிகவும் சீர்கெட்ட நீர்ப்பாசனத் திட்டம் என்று இடதுகரை பெயர் எடுத்திருந்தது. மதகுக் கதவுகள் உடைந்தும் வாய்க்கால்கள் தூர்ந்தும் கிடந்தன. மேலே உள்ளவர் தேவைக்கு மேல் பாய்ச்ச, கீழே உள்ளவர் காய்ந்த வயலைப் பார்த்திருந்தார். விவசாயிகள் ஒருநாளும் ஒத்துழைக்கமாட்டார்கள் என்பது அதிகாரிகள் பலரின் முடிவு. அதிகாரிகள் ஒருநாளும் வந்து பார்க்கமாட்டார்கள் என்பது விவசாயிகளின் முடிவு.

அமெரிக்க உதவியுடன் நடந்த திருத்த வேலையின் ஒரு பகுதியாக, 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் படித்த இளைஞர் யுவதிகளைத் தெரிந்து, விவசாயிகளிடையே தங்கி வேலை செய்ய அனுப்பின. இவர்கள் செய்யாத ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கம் அமைக்கவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர் எழுதவில்லை. வீடுவீடாகப் போய், "உங்கள் வாய்க்காலில் என்ன கரைச்சல்?" என்று கேட்டார்கள். ஒரே வயல் வாய்க்காலில் பாயும் பத்து இருபது குடும்பங்கள் ஒன்றுகூடி, எதை முதலில் செய்யலாம் என்று தாங்களே தீர்மானித்தன.

அந்த ஆண்டு குளத்தில் கால்வாசி நீர்தான் இருந்தது. சண்டை வரவேண்டிய வருடம். ஆனால் சில வாரங்களுக்குள் பல குழுக்கள் சிரமதானமாக வாய்க்கால் வெட்டின, முறைவைத்துப் பாய்ச்சின. மிச்சப்பட்ட நீரைக் கீழே விட்ட குழுக்களும் உண்டு. இப்படி வேலை ஓடிய பின்னரே பிரதிநிதியைத் தெரிந்தார்கள். அதுவும் வாக்கெடுப்பால் அல்ல, எல்லோரும் சம்மதிக்கும்வரை பேசி.

மேலிடத்தில் இருந்தவர்களின் பங்கு என்ன? விவசாயிகளின் பிரதிநிதிகள் மாவட்ட விவசாயக் குழுவில் அமர்ந்து பேச இடம் கிடைத்தது. பொறியியலாளர்கள் வரைபடத்தோடு வந்து விவசாயிகளுடன் வாய்க்கால் நீளம் நடந்தார்கள். எங்கே கசிகிறது, எந்த வயல் மேடு, எந்தக் குழாய் பிழையான இடத்தில் வைக்கப்பட்டது என்பதெல்லாம் அங்கே பாய்ச்சுகிறவனுக்கே தெரியும். ஒரு பெரிய உத்தியோகத்தர் வாய்மூடிக் கேட்பது சிறிய காரியமல்ல. அதற்கு ஒரு மேற்படிப்பு வைத்தாலும் தகும்.

குறையும் இருந்தது. அந்த இளைஞர்களுக்கு நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. பலர் ஆசிரியர் வேலை போன்றவற்றுக்குப் போய்விட்டார்கள். கீழே இருந்து இவ்வளவையும் எழுப்பியவர்களை மேலே இருந்தவர்கள் காப்பாற்றவில்லை என்பது எமது எண்ணம். ஆயினும் விவசாயிகளின் குழுக்கள் நின்றன. பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களை விவசாயிகளோடு சேர்ந்து நடத்துவது 1988இல் அரசாங்கக் கொள்கையாகவும் ஆயிற்று.

போர் நடந்துகொண்டிருந்த 1997இல், சிறுபோக நெல்லுக்கு நீர் போதாது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவித்தது. விவசாயிகள் இருக்கும் நீரைப் பங்கிட்டுப் பார்க்கத் தீர்மானித்தார்கள். தலைப்பில் இருந்த சிங்கள விவசாயிகள் கடைக்கோடித் தமிழ் விவசாயிகளுக்கும் நீர் போக விட்டார்கள். இடதுகரையின் 65,000 ஏக்கரிலும் வழமையைவிட நல்ல விளைச்சல் கிடைத்தது.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல இதற்கு நேர்மாறான அனுபவம் உடையவை. போர்க்கால முகாம்களிலும், 2004 கடற்கோளுக்குப் பின் எழுந்த குடியிருப்புகளிலும், ஒரே பின்னேரத்தில் குழு அமைத்துப் பெயர்ப்பட்டியலைக் கந்தோருக்கு அனுப்பிய கதை நமக்குப் புதிதல்ல. உதவி முடிய, குழுவும் முடியும்.

புதிய இடத்தில் குடியேறியவர்கள் ஒரு வரிசை வீடுகளோடு தொடங்கலாம். மழைநீர் நிற்கும் ஒழுங்கை, பொதுக் கிணற்றுக் கட்டு, மாடு புகும் வேலி என்று இந்தக் கிழமையே முடிக்கக்கூடிய ஒன்றை எடுக்கலாம். நிருவாகிகளைப் பிறகு தெரியலாம். அதிகாரி வரும் நாளில் மாலை போட்டு மேசையில் இருத்தாமல், அந்த ஒழுங்கையின் கடைசி வீடுவரை அவரை நடத்திக் கூட்டிப்போங்கள்.