ஐந்து வெற்றுக் கோடுகள்

சென்ற டிசம்பர் விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவியர் சிலரை மூன்று கிழமை உள்ளகப் பயிற்சிக்காகச் சமூக சேவை நிலையங்களுக்கு அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு முதியோர் இல்லம். போவதற்கு முன் நிரப்பித் தரச் சொன்ன படிவத்தில் “கற்றல் இலக்குகள்” என்றொரு பகுதி இருந்தது. அதன் கீழே ஐந்து வெற்றுக் கோடுகள். அவற்றை நிரப்ப எனக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. அதுதான் நான் விட்ட முதற் பிழை. அடுத்த தடவை போகவிருக்கும் தங்கைமாருக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் எழுதியவை இவை: முதியோருக்கு உதவி செய்தல். அவர்களின் தனிமையைப் போக்குதல். பொறுமையைக் கற்றல். முதியோரின் பிரச்சினைகளை விளங்கிக்கொள்ளல். சிறந்த சமூக சேவகியாதல். வாப்பா வாசித்துவிட்டு “நல்லா எழுதியிருக்கிறீங்க மகள்” என்றார். இல்லத்தில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மேற்பார்வையாளர் அப்படிச் சொல்லவில்லை. சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணி படித்தவர் அவர். படிக்கும் காலத்தில் அவரும் இப்படிக் களப்பயிற்சிக்குப் போனவர்தான். படிவத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார்.

“முதல் இரண்டும் நீங்க எங்களுக்குத் தரப்போறது. எங்களிட்ட இருந்து நீங்க கற்கப்போறது என்ன?”

“மூன்று கிழமை முடிஞ்சு போற அன்றைக்கு, நீங்க பொறுமையைக் கற்றுட்டீங்களா இல்லையா என்று நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

முதற் கேள்வி சேவையையும் கற்றலையும் பிரிக்கிறது. சிரமதானத்துக்குப் போகிறவர் எதையும் கற்றுத்தான் திரும்ப வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பயிற்சிக்குப் போகும் மாணவியின் நிலை வேறு. முப்பது பேருக்குத் தேநீர் பரிமாறுவது நல்ல வேலை. ஆனால் கை நடுங்கும் ஒருவருக்குக் கோப்பையை எப்படிக் கொடுப்பது, எவ்வளவுக்கு நிரப்புவது என்று தெரிந்துகொள்வதுதான் கற்றல். படிவத்தில் வரவேண்டியது இந்த இரண்டாவதுதான்.

இரண்டாவது கேள்விக்கான விடை நாம் பயன்படுத்தும் வினைச்சொல்லில் இருக்கிறது. “விளங்கிக்கொள்வேன்”, “உணர்வேன்”, “அறிந்துகொள்வேன்” என்பவை மனதுக்குள் நடப்பவை. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. “விளக்கிச் சொல்வேன்”, “செய்து காட்டுவேன்”, “பட்டியலிடுவேன்” என்றால் தெரியும். அறிவு, திறன், மனப்பாங்கு என்று எங்கள் ஆசிரியைகள் அடிக்கடி சொல்லும் மூன்றும் இங்கே உதவின. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இலக்காவது இருக்கவேண்டுமென்று மேற்பார்வையாளர் சொன்னார். நான் எழுதிய ஐந்தில் திறன் ஒன்றுகூட இருக்கவில்லை.

புதிதாக எழுதியபோது அறிவுக்கு இதை வைத்தேன்: 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பிரதேச செயலகத்தினூடாக வழங்கப்படும் முதியோர் அடையாள அட்டையை எப்படிப் பெறுவது என்பதை, முதலாம் கிழமை முடிவதற்குள் ஒருவருக்குப் பிழையின்றி விளக்கிச் சொல்வேன். இதற்காகத் தேடியபோதுதான் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் என்றொன்று இருப்பதே எனக்குத் தெரியவந்தது. வீட்டில் உம்மும்மா இருந்தும் இதுவரை தெரியவில்லை.

திறனுக்கு இரண்டு. ஒன்று, பராமரிப்பாளரின் முன்னிலையில் பாதுகாப்பாக நகம் வெட்டிவிடுவது. மற்றது சிங்களம். இல்லத்தில் பாதிப் பேருக்குமேல் சிங்களம் பேசுகிறவர்கள். பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படித்தாலும் எனக்கு வாயில் வராது. நோவு, தண்ணீர், குளிர், கழிப்பறை ஆகியவை பற்றிப் பத்து வாக்கியங்களைப் பேசப் பழகுவேன் என்று எழுதினேன். “ரிதெனவாத ஆச்சி?” என்று கேட்டுப் பழகியது அப்படித்தான். இலக்கைப் படிவத்தில் எழுதாமல் விட்டிருந்தால் மூன்று கிழமையும் தமிழ் பேசுகிறவர்களின் கட்டில்களையே சுற்றியிருப்பேன்.

இதைப் பார்த்த என் தோழி, “நிய்யத் இருந்தால் போதாதா? ஏன் இவ்வளவு கணக்கு?” என்று கேட்டாள். நிய்யத் இல்லாமல் எதுவும் இல்லைதான். ஆனால் தொழ நிற்பவள் எத்தனை ரக்அத் என்று அறிந்துதானே தக்பீர் கட்டுகிறாள்? அவளுடைய இலக்குகளில் ஒன்று, தான் போகும் நிலையத்தில் மருந்து கொடுக்கப் பழகுவது. அந்நிலையத்தில் மாணவியர் மருந்தைத் தொடவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். எழுதுவதற்கு முன் ஓர் அரைநாள் அங்கே போய், என்ன நடக்கிறது, எதற்கு அனுமதியில்லை என்று கேட்டிருந்தால் அந்தக் கோடு வீணாகியிருக்காது.

ஸ்மார்ட் என்ற முறையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலக்கு திட்டவட்டமானதாக, அளக்கக்கூடியதாக, நடைமுறைக்கு ஏற்றதாக, காலவரையறை உள்ளதாக இருக்கவேண்டும் என்பது. ஜோர்ஜ் டோரன் என்பவர் 1981இல் ஒரு முகாமைத்துவச் சஞ்சிகையில் எழுதியது. ஐந்து எழுத்துகளில் நடுவிலுள்ள ஏ என்பதற்கு இப்போது “அடையக்கூடிய” என்று சொல்கிறோம். அவர் எழுதியதோ, இன்னார் செய்யவேண்டும் என்று பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதே. நிறுவன முகாமையாளர்களுக்காக எழுதினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது நினைவிருக்கவில்லை.

என்னுடைய கடைசி இலக்கு அந்த முறைக்கு அச்சொட்டாகப் பொருந்தியது: இரண்டாம் கிழமை முடிவதற்குள் மூன்று முதியோரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதுவேன். திட்டவட்டம், அளவு, காலம் எல்லாமே இருந்தன. இரண்டு பேர் சந்தோஷமாகச் சொன்னார்கள். மூன்றாமவராக ஒரு மூதாட்டியிடம் போனேன். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாட்களே இருந்தன. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். நான் திரும்பவும் கேட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டேன்.

“போதும் மகள். நீங்க எழுதுறதுக்கு வேற யாரையும் பாருங்க” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று பகல் அவர் சாப்பிடவில்லை என்று பராமரிப்பாளர் என்னிடம் வந்து சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

நடந்ததை அன்றே மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் பெலிக்ஸ் பீஸ்டெக் என்ற கத்தோலிக்க குருவானவரைப் பற்றிச் சொன்னார். அமெரிக்கரான அவர் 1957இல் வெளியிட்ட நூலொன்றில், சமூகப்பணியாளருக்கும் உதவி நாடி வருபவருக்கும் இடையிலான உறவுக்கு ஏழு கோட்பாடுகளைக் கூறுகிறார். தன் விடயத்தில் தானே முடிவெடுக்கும் உரிமை அவற்றில் ஒன்று. இரகசியம் பேணல் இன்னொன்று. “உங்களுடைய இலக்கில் ‘மூன்று’ என்ற எண் இருக்கிறது. அந்த அம்மாவின் விருப்பத்துக்கு அதில் இடம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். எல்லா இலக்குக்கும் ஐந்து அம்சங்களும் இருந்தாகவேண்டும் என்பதில்லை என்று டோரனே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கற்பவர் இத்தனை இயந்திரம் என்று தைரியமாக எழுதலாம். மனிதரோடு பழகக் கற்பவளின் இலக்கில் இன்னொருவரும் பங்காளி. அவருடைய சம்மதத்தில் தங்கியிருக்கும் ஒன்றை என்னுடைய எண்ணிக்கையாக எழுதியது தவறு. அளக்க வேண்டுமென்றால் என் நடத்தையைத்தான் அளக்கவேண்டும். ஆகவே நடுவழியில் அந்தக் கோட்டை வெட்டிவிட்டு இப்படி எழுதினேன்: ஒருவரோடு பேசுவதற்கு முன் அனுமதி கேட்பேன். அவர் விரும்பாத இடத்தில் நிறுத்துவேன். மேற்பார்வையாளர் இரண்டு தடவை அருகிலிருந்து பார்த்துக் கருத்து எழுதுவார்.

இலக்கை இடையில் மாற்றுவது தோல்வி என்று பயப்படத் தேவையில்லை. இரண்டாம் கிழமையின் தொடக்கத்திலேயே படிவத்தோடு மேற்பார்வையாளரிடம் உட்கார ஒரு நேரம் கேட்டு வாங்குங்கள். நான் அதைச் செய்திருந்தால் அந்தப் புதன்கிழமை வராமல் போயிருக்கலாம். அந்த மூதாட்டி என்னிடம் முன்னர் சொல்லியிருந்தவற்றையும், மற்ற இருவரின் கதைகளையும் இங்கே நான் எழுதவில்லை. எழுதிய பக்கங்களை இல்லத்திலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசி நாளில் படிவத்தின் வலது பக்கத்தை நிரப்பினோம். அடையாள அட்டை: விளக்கினேன், ஒரு தடவை திருத்தினார்கள். நகம் வெட்டுதல்: செய்து காட்டினேன். சிங்களம்: பத்தில் ஏழு. கடைசிக் கோட்டுக்கு எதிரே மேற்பார்வையாளர் தன் கையால் எழுதியிருந்தார்: “முதல் தடவை அனுமதி கேட்டார், பதில் வருமுன்பே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் தடவை, பதில் வரும்வரை நின்றுகொண்டிருந்தார்.”