300 டன் பெருமாள் பத்திரமாகப் போனார். 2 டன் லேத் உடைவது ஏன்?
பட்டறைக்காரர்களே, உஷார்! கையெழுத்துப் போடும் முன் பிரித்துப் பாருங்கள்

(நமது நிருபர்)

ஓசூர்:

ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கம் போய்ப் "பெருமாள் சிலை" என்று சொல்லுங்கள். உடனே கதை வரும்.

வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் ஒரே பாறையில் செதுக்கிய சிலை அது. எடை 300 டன்னுக்கு மேல்! 240 டயர் லாரியில் 2018 டிசம்பரில் கிளம்பியது. பெங்களூர் ஈஜிபுரா போய்ச் சேர்ந்தது 2019 ஜூனில்தான். வழியில் டயர்கள் வெடித்தன. நிறுத்தி மாற்றினார்கள். ஓசூர் பேரண்டப்பள்ளியில் பாலம் தாங்குமா என்ற கேள்வி வந்தது. தென்பெண்ணை ஆற்றில் தனியாக மண்பாதை போட்டார்கள்.

சுமார் 6 மாதம். ஆனாலும் சிலை போய்ச் சேர்ந்தது.

அதே சாலையில் தினமும் லேத், மில்லிங் மெஷின் எல்லாம் போகின்றன. கடன் வாங்கி வாங்கிய மெஷின், பட்டறை வாசலில் இறங்கும்போது கைப்பிடி ஒடிந்து, கால் விரிசல் விட்டு நிற்கிறது. ஏன்?

"லாரிக்காரர் பார்த்துக்குவார்"

இந்த ஒரு வார்த்தைதான் வினை!

மெஷின் உடம்பு வார்ப்பிரும்பு. அது வளையாது. அடி பட்டால் உடையும். பல சமயம் அடி படுவது சாலையில் அல்ல, ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான்.

லேத்தில் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம். நடுவில் பெல்ட் போட்டுத் தூக்கினால் ஒரு பக்கம் சாயும். கேரேஜையும் டெயில்ஸ்டாக்கையும் மறுகோடிக்குத் தள்ளி, பேலன்ஸ் பார்த்துப் பூட்ட வேண்டும். பெல்ட் லீட் ஸ்குரூவில் படவே கூடாது. பட்டால் அது வளையும். அப்புறம் மரை ஒழுங்காக விழாது. முதலில் நாலு விரல் உயரம் தூக்கிப் பாருங்கள். நேராக நின்றால் மேலே தூக்கலாம். சாய்ந்தால் இறக்கி மறுபடி கட்டுங்கள்.

மில்லிங் மெஷின் தலைக்கனம் பிடித்தது. டேபிளை முழுக்கக் கீழே இறக்கி நடுவில் பூட்ட வேண்டும். அடியில் கனமான மரச்சட்டம் வைத்து போல்ட் போட்டு முறுக்க வேண்டும்.

பிரேக் போட்டால் என்ன ஆகும்?

சரக்கு கட்டுவதற்கு ஐரோப்பாவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் எடையில் 10-ல் 8 பங்கு விசையைக் கட்டு தாங்க வேண்டும். பக்கவாட்டிலும் பின்னாலும் பாதி எடை. அதாவது 2 டன் மெஷின், டிரைவர் திடீர் பிரேக் அடித்தால் 1.6 டன் விசையோடு கேபினை நோக்கிப் பாயும்!

கயிறு இதற்குப் போதாது. நாலு மூலைக்கும் சங்கிலி. அதையும் கைப்பிடியில் கட்டாதீர்கள், அடிப்பாகத்தில் கட்டுங்கள். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும். இடையில் ரப்பர் பாய் போடுங்கள். தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது சரக்கு முன்னால் தள்ளும். ஓசூர் பக்கம் ஏறும்போது பின்னால் இழுக்கும். ஆகவே புறப்பட்ட கொஞ்ச தூரத்தில் ஒரு முறை, மலை ஏறும் முன் ஒரு முறை வண்டியை நிறுத்திச் சங்கிலியை இழுத்துப் பார்க்க வேண்டும்.

பளபளப்பான பாகங்களில் கிரீஸ் தடவுங்கள். வெறும் பிளாஸ்டிக் சுற்றினால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும்.

10 மடங்குதான்!

இப்போது முக்கியமான சங்கதி. 2007-ம் ஆண்டு சாலை வழிச் சரக்குச் சட்டமும் 2011-ம் ஆண்டு விதிகளும் என்ன சொல்கின்றன தெரியுமா? சரக்கு சேதமானால் லாரி கம்பெனி தர வேண்டிய நஷ்டஈட்டுக்கு வரம்பு, வாடகையைப் போல 10 மடங்கு!

கணக்குப் போடுங்கள். வாடகை ரூ.8 ஆயிரம் என்றால் அதிகபட்சம் ரூ.80 ஆயிரம். மெஷின் விலை ரூ.5 லட்சமாக இருந்தால் மீதி உங்கள் தலையில்.

தப்பிக்க வழி உண்டு. முன்கூட்டியே கூடுதல் ரிஸ்க் கட்டணம் தருவதாக எழுதிக் கொடுத்தால் இந்த வரம்பு கிடையாது. அல்லது டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுங்கள். எடுக்கும்போது "ஏற்றுவது, இறக்குவதும் இதில் சேருமா?" என்று கேளுங்கள்.

அவசரக் கையெழுத்து ஆபத்து

வண்டி வந்ததும், "அண்ணே, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க, நான் திரும்பணும்" என்பார் டிரைவர். அவர் அவசரம் அவருக்கு. நீங்கள் தார்ப்பாயை விலக்குங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். செல்போனில்தான் கேமரா இருக்கிறதே! சேதம் இருந்தால் எல்.ஆர். ரசீதிலேயே எழுதி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிவிட்டு மறுநாள் புலம்பினால் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிர்ச் சாட்சி!

வழக்குப் போடுவதாக இருந்தால், சரக்கு புக் செய்த நாளில் இருந்து 180 நாளுக்குள் லாரி கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். நாள் தாண்டினால் வழக்கு நிற்காது.

பெருமாளை அழைத்துப் போனவர்கள் 6 மாதம் பொறுத்தார்கள். பட்டறைக்காரர் வாசலில் அரை மணி நேரம் பொறுத்தால் போதும். மெஷினும் மிஞ்சும், கடனும் அடையும்!