கோடை காலத்திற்குரிய பழச்சலாது

சித்திரை தொடக்கம் ஆவணி வரையுள்ள காலம் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் வறட்சி மிகுந்த காலமாகும். சிறுபோக வயலிலும் மிளகாய், வெங்காயத் தோட்டங்களிலும் வேலை செய்வோர் வெயிலாற் களைப்படைவது இக்காலத்திலேயே. மாமரங்கள் பழுப்பதும், பனைகளில் நுங்கு கிடைப்பதும் இதே காலத்திலாகும். கிணற்றடியில் நிற்கும் வாழையும் பப்பாசியும் ஆண்டு முழுவதும் பயன் தருவன. ஆயினும் பல கமக்காரர் வீடுகளில் நல்ல பழம் யாவும் சந்தைக்குச் சென்றுவிட, எஞ்சியவை மரத்தடியிற் கிடந்து அழுகுகின்றன. வீட்டுப் பிள்ளைகளோ சாயமிட்ட இனிப்புப் பானங்களை விலைகொடுத்து வாங்கிக் குடிக்கின்றனர்.

சந்தைக்கு ஏற்காத பழங்கள் யாவும் பழுதான பழங்களல்ல. சிறியனவும், வடிவிற் குறைந்தனவும், தூர இடத்திற்கு அனுப்ப முடியாதவாறு கனிந்தனவும் உண்பதற்கு மிகச் சிறந்தவையாயிருக்கலாம். இத்தகைய பழங்கள் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் பழச்சலாது, வீட்டார் அனைவருக்கும் ஏற்ற உணவாகும். நீரைக் கொதிக்க வைப்பதற்கன்றி இதற்கு அடுப்பு வேண்டியதில்லை. ஆனால் துப்புரவின்றிச் செய்யப்படும் பழச்சலாது வயிற்றோட்டத்தை உண்டாக்கக்கூடும். சமைத்த உணவிலுள்ள கிருமிகள் வெப்பத்தால் அழிகின்றன. பச்சையாக உண்ணும் பழத்திற்கு அந்தக் காப்பு இல்லை. ஆதலால் இதனைச் செய்யும் முறையை நன்கு அறிந்துகொள்ளல் வேண்டும்.

பழங்களின் பயன்

மாம்பழத்திலும் பப்பாசியிலும் உள்ள மஞ்சள் நிறப் பொருளான கரற்றீன், உடலில் விற்றமின் ஏ ஆக மாறுகின்றது. கண்பார்வைக்கும் நோயை எதிர்க்கும் வலிமைக்கும் இது இன்றியமையாதது. கரற்றீன் உடலிற் சேர்வதற்குச் சிறிதளவு கொழுப்பு உதவுமாதலால், பழச்சலாதின்மேல் புதிதாகத் துருவிய தேங்காய்ப்பூவைத் தூவுதல் நன்று. கொய்யாப்பழத்திலே தோடம்பழத்திலும் பார்க்கப் பல மடங்கு விற்றமின் சீ உண்டு. சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்கு விற்றமின் சீ துணைசெய்கின்றது. ஆகவே மதிய உணவுக்குப் பின் பழச்சலாது உண்பது பயனுடையது.

ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராமிற்குக் குறையாமற் பழமும் மரக்கறியும் உண்ணல் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கிழங்கு வகைகள் இக்கணக்கிற் சேரா.

பழங்களைத் தெரிதல்

மாங்காயை உலுப்பி நிலத்தில் விழுத்துதல் தவறு. விழுந்த காய் உள்ளே கன்றிப் பழுக்குமுன் அழுகும். வலைப்பை கட்டிய கொக்கத்தடியால், சிறு காம்புடன் பறித்தல் வேண்டும். காம்பு முற்றாக முறிந்தால் வடியும் பால் தோலைச் சுட்டுக் கருக்கிவிடும். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி ஆகிய இனங்கள் யாவும் பழச்சலாதுக்கு ஏற்றவை. வெட்டும்போது குழையாதிருக்க, சற்று இறுக்கமான பழமே நல்லது.

கல்சியம் காபைட்டு இட்டுப் பழுக்க வைத்த பழத்தை வீட்டிலும் உண்ணலாகாது, சந்தைக்கும் அனுப்பலாகாது. அப்பொருளில் ஆசனிக்கு முதலிய நஞ்சுகள் கலந்திருக்கக்கூடும். முற்றிய காயை வைக்கோலினுள் வைத்தால் அது தானாகவே பழுக்கும்.

எலி, வௌவால், அணில் கடித்த பழங்களின் கடித்த பகுதியை மாத்திரம் வெட்டி நீக்கி எஞ்சியதை உண்ணும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இதனை விட்டொழித்தல் வேண்டும். கடித்த பழத்தை முற்றாகவே நீக்குக. புழுவுள்ள மாம்பழங்களை மரத்தடியில் விட்டால் பழ ஈ பெருகும். அவற்றை நாள்தோறும் பொறுக்கி ஆழமாகப் புதைத்தல் நன்று.

தோட்டக்காரர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வெங்காயப் பாத்தியின் ஓரத்திலோ கத்தரித் தோட்டத்தின் வேலியருகிலோ நிற்கும் பப்பாசியின்மேல், பயிருக்கு விசிறும் பீடைநாசினி காற்றாற் படியும். அந்த மருந்து விசிறிய பின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள் எத்தனையென்று போத்தலின் விபரத்தாளிற் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்கள் கழியும்வரை அப்பழத்தையும் பறிக்கலாகாது. தோலினுள் ஊறும் மருந்தைக் கழுவி நீக்க முடியாது. பீடைநாசினி இருந்த கலங்களை, எத்தனை முறை கழுவினாலும், பழமோ நீரோ வைக்கப் பயன்படுத்தலாகாது.

கழுவுதல்

தோலை உரித்தே உண்ணப்போகிறோம், பழத்தைக் கழுவுவதேன் என்று சிலர் எண்ணுவர். தோலில் மாட்டெருவும் மண்ணும் பட்டிருப்பின், அதிலுள்ள கிருமிகளைக் கத்தியே தசைப்பகுதிக்குள் கொண்டுசெல்கின்றது. ஆதலால் எல்லாப் பழங்களையும் வெட்டுமுன் முழுதாகக் கழுவுதல் வேண்டும். முதலில் கிணற்று நீரில் தேய்த்துக் கழுவி, பின்னர் கொதித்தாறிய நீரால் அலசுக. வறட்சியால் நீர்மட்டம் தாழ்ந்த கிணறுகளின் நீர் மாசடைந்திருக்கக்கூடுமாதலால், அதனை ஒரு நிமிடமேனும் நன்றாகக் கொதிக்கவிடல் வேண்டும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. மீன், இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் பழத்திற்குப் பயன்படுத்தற்க.

வேண்டிய பொருள்கள்

ஆறு பேருக்கு வேண்டிய அளவு பின்வருமாறு. நிறைகள் தோலும் விதையும் நீக்கிய பின் உள்ளவை.

பப்பாசி – 500 கிராம்
மாம்பழம் – 400 கிராம்
அன்னாசி – 300 கிராம்
இதரை அல்லது கதலி வாழைப்பழம் – 200 கிராம்
கொய்யா – 100 கிராம்
தேசிக்காய் – 2
பனங்கட்டித் தூள் – 2 மேசைக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை
தேங்காய்ப்பூ – 3 மேசைக்கரண்டி

பழங்களின் மொத்த நிறை 1,500 கிராம். ஒருவருக்கு 250 கிராம் கிடைக்கும். ஒரு நாளைக்கு வேண்டிய 400 கிராமில் இது பாதிக்கு மேற்பட்டதாகும். அன்னாசி கிடையாவிடத்து நுங்கையோ மாதுளையையோ சேர்க்கலாம். நுங்கை அன்றே வெட்டி அன்றே பயன்படுத்தல் வேண்டும்.

செய்முறை

1. தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்து, விதை நீக்கி, அகன்ற பாத்திரத்தில் விடுக. கண்ணாடி, பீங்கான், துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரங்கள் ஏற்றவை. புளிப்பு உலோகத்தைக் கரைக்குமாதலால் செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் ஆகா.

2. இறுக்கமான பழங்களை முதலில் வெட்டுக. அன்னாசி, கொய்யா, பப்பாசி, மாம்பழம் என்ற ஒழுங்கில் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அளவுத் துண்டுகளாக்கிச் சாற்றிலிடுக.

3. வாழைப்பழத்தை இறுதியில் வெட்டி உடனே சாற்றிற் புரட்டுக. வெட்டிய வாழைப்பழமும் கொய்யாவும் காற்றுப்பட்டாற் கறுப்பன. பழத்திலுள்ள நொதியம் ஒட்சிசனுடன் சேர்ந்து செய்யும் வேலை இது. தேசிக்காயின் புளிப்பு அதனைத் தடுக்கின்றது.

4. பனங்கட்டியையும் உப்பையும் பரிமாறுவதற்குச் சற்று முன்னரே சேர்க்குக. முன்கூட்டி இட்டால் இனிப்புப் பழத்திலுள்ள நீரை வெளியே இழுக்கும், துண்டுகள் துவண்டுவிடும். பழம் நன்கு கனிந்திருப்பின் இனிப்புச் சேர்க்கத் தேவையில்லை.

5. தேங்காய்ப்பூவைத் தூவி, கரண்டியால் மெதுவாகக் கிளறிப் பரிமாறுக.

தயிர் சேர்ப்போர் கவனத்திற்கு

பச்சை அன்னாசியும் பப்பாசியும் பால், தயிர் ஆகியவற்றுடன் சேர்ந்து சிறிது நேரம் நின்றாற் கசக்கும். இப்பழங்களிலுள்ள நொதியங்கள் பாலின் புரதத்தைச் சிதைப்பதே இதற்குக் காரணம். அன்னாசித் துண்டுகளைச் சிறிது நீருடன் ஐந்து நிமிடங்கள் கொதிக்கவைத்து ஆறவிட்டாற் கசப்பு உண்டாகாது. பப்பாசி சேர்ந்த சலாதுக்குத் தயிரை உண்ணும் வேளையிலேயே விடுக.

வைத்திருக்கக்கூடிய காலம்

வெட்டிய பழத்தை இரண்டு மணித்தியாலத்திற்கு மேல் வெளியில் வைத்திருத்தலாகாது. கடும் வெப்பமான நாட்களில் ஒரு மணித்தியாலமே எல்லை. ஆகையால் வயலில் வேலை செய்வோருக்கு வெட்டிய பழத்தைக் காலையிலேயே அனுப்புவது ஆபத்தானது. கழுவிய முழுப் பழங்களையும், சுத்தமான கத்தியையும், கொதித்தாறிய நீரையும் மூடிய பாத்திரங்களிற் கொண்டுசென்று, உண்ணும் வேளையில் அங்கேயே வெட்டுதல் சிறந்தது.

நீரிழிவு உள்ளோர் பனங்கட்டி சேர்க்காது சிறிதளவே உண்ணலாம். சிறுநீரக நோயுள்ளோருக்கு வாழைப்பழம் முதலியவற்றிலுள்ள பொற்றாசியம் தீங்கு விளைக்கக்கூடுமாதலால், அவர்கள் வைத்தியரிடம் கேட்டே உண்ணல் வேண்டும்.

சந்தைக்குப் பழம் கட்டும் வேளையில், வீட்டாருக்கென ஒரு கடகத்தை முதலிலேயே ஒதுக்கிவைப்பது நல்ல வழக்கம். தம் வளவில் விளைந்த பழத்தின் பயனைத் தம் பிள்ளைகளும் பெறுமாறு செய்தல் ஒவ்வொரு கமக்காரரின் கடமையாகும்.