கார் கம்பெனி கடன் கேட்டது!

வரவுக்கு மேல் செலவு செய்தால் வீடு கடனில் மூழ்கும். கம்பெனிக்கும் அதே கதிதான். ஆனால், மூழ்குவது மிகப் பெரிய கம்பெனியாக இருந்தால் அரசு கைகொடுக்க வேண்டுமா? 2008-ம் ஆண்டு அமெரிக்காவில் இந்தக் கேள்வி பெரிய விவாதமாக வெடித்தது.

அந்நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ளது டெட்ராய்ட் நகரம். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று பெரிய கார் நிறுவனங்களும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவை. 2008-ல் மூன்றுக்குமே சோதனைக் காலம். பெட்ரோல் விலை எகிறியது. இவர்கள் அதிகம் நம்பியிருந்ததோ பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் பெரிய வண்டிகளை! போதாததற்கு வங்கிகளும் தள்ளாடின. மக்களுக்குக் கார் வாங்கக் கடன் கிடைக்கவில்லை. விற்பனை படுத்துவிட்டது.

நவம்பர் மாதம் மூன்று நிறுவனத் தலைவர்களும் தலைநகர் வாஷிங்டனுக்குச் சென்று 2,500 கோடி டாலர் கடன் கேட்டார்கள். எப்படிச் சென்றார்கள் தெரியுமா? ஆளுக்கொரு தனி விமானத்தில்! கடன் கேட்க வந்தவர்களின் ஆடம்பரத்தைக் கண்டு மக்கள் பிரதிநிதிகள் கொதித்தார்கள். அடுத்த மாதம் மூவரும் காரில் வந்து இறங்கினார்கள்.

கொடுக்கக் கூடாது என்றவர்கள் சொன்ன காரணம் இது: அரசின் பணம் மக்கள் கட்டிய வரிப் பணம். தெருமுனைக் கடை நொடித்தால் அரசு ஓடி வருவதில்லையே! தவறு செய்தவருக்குப் பணம் கொடுத்தால் ஒழுங்காகத் தொழில் நடத்துபவருக்கு அநியாயம் இல்லையா?

கொடுக்க வேண்டும் என்றவர்களிடமும் நியாயம் இருந்தது. ஒரு காரில் ஆயிரக்கணக்கான உதிரி பாகங்கள் உண்டு. அவற்றைச் செய்து கொடுக்கும் சிறு தொழிற்சாலைகள் ஏராளம். பெரிய மரம் சாய்ந்தால் அதில் கூடு கட்டிய பறவைகள் என்ன ஆகும்? தவறான முடிவு எடுத்தவர் முதலாளி. வேலை இழப்பவர் தொழிலாளி!

2008 டிசம்பர் 19 அன்று அதிபர் புஷ் 1,740 கோடி டாலர் கடன் அறிவித்தார். அடுத்து வந்த அதிபர் ஒபாமா மேலும் கொடுத்தார். ஆனால், கடுமையான நிபந்தனைகளோடு. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. 2009-ல் அந்த நிறுவனமும் கிரைஸ்லரும் நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தன. அதாவது, கடனை அடைக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டன. போன்டியாக், சாட்டர்ன் போன்ற கார் வகைகள் நிறுத்தப்பட்டன. பல ஆலைகள் மூடப்பட்டன. ஃபோர்டு இந்த மீட்புப் பணத்தை வாங்கவில்லை. 2006-லேயே தன் சொத்துகளை அடகு வைத்து வங்கிகளில் கடன் வாங்கி வைத்திருந்தது.

முடிவு என்ன? கார் தொழிலுக்கு அரசு கொடுத்தது ஏறத்தாழ 8,000 கோடி டாலர். திரும்பி வந்தது சுமார் 7,000 கோடி. மீதி மக்களுக்கு நஷ்டம்தான். ஆனால், இரண்டு நிறுவனங்களும் பிழைத்துக்கொண்டன. லட்சக்கணக்கானோர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பிரிட்டனைப் பாருங்கள். தடுமாறிய 'பிரிட்டிஷ் லேலண்ட்' நிறுவனத்தை 1975-ல் அரசே ஏற்றது. நிறையப் பணம் கொட்டியது. அப்படியும் அதன் வழிவந்த 'எம்.ஜி. ரோவர்' 2005-ல் நொடித்துப் போனது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

ஆகவே, கொடுப்பதை விட எப்படிக் கொடுக்கிறோம் என்பதே முக்கியம். கணக்குக் கேட்டு, தவறைத் திருத்தச் சொல்லி, தொழிலாளியைக் காப்பதற்காகக் கொடுத்தால் அது உதவி. கேள்வி கேட்காமல் கொடுத்தால் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்!

உங்கள் வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து இதைப் பட்டிமன்றமாக நடத்திப் பாருங்களேன். தெருமுனைக் கடைக்காரரின் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்?