இரைச்சலுக்குள் ஒரு செய்தி

காலாஸ் ஆறும் லெபிர் ஆறும் குவாலா கிராய் அருகே கலந்து கிளந்தான் ஆறாகின்றன. மலைப்பகுதியில் பெய்யும் மழை இவ்வழியாகவே கோத்தா பாருவை நோக்கி இறங்குகிறது. மேலே நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதைக் கீழே இருப்போர் முன்கூட்டியே அறிந்தால்தான் வீட்டைவிட்டு வெளியேற நேரம் கிடைக்கும். ஆனால், 2014 டிசம்பர் பெருவெள்ளத்தில் மின்சாரம் தடைபட்டது. கைப்பேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தன. இத்தகைய நேரங்களில் மின்கலத்தில் இயங்கும் வானொலி மோடம் கைகொடுக்கும். நீர்மட்ட அளவி தரும் எண்களை ஒலிக்குறிகளாக மாற்றி, வானொலி அலையில் ஏற்றி அனுப்பும் கருவி அது.

பல நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்து கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டுமே கெட்டுவிடும். 1971இல் ஹவாய்த் தீவுகளில் தொடங்கப்பட்ட அலோஹா வலையமைப்பில், நிலையங்கள் நினைத்த நேரத்தில் அனுப்பின. பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பின. பின்னர் வந்த மோடங்கள் முதலில் காது கொடுத்துக் கேட்கின்றன. அலைவரிசை காலியாக இருந்தால் மட்டுமே அனுப்புகின்றன.

ஆனால், வானொலிக்கு மௌனம் என்பதே கிடையாது. எவரும் அனுப்பாதபோதும் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் கதவுதான் ‘ஸ்குவெல்ச்’. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வலுவான அலை வந்தால் கதவு திறக்கும், இல்லையேல் மூடியிருக்கும். கதவு திறந்திருந்தால், அலைவரிசையில் யாரோ பேசுகிறார்கள் என்று மோடம் கருதுகிறது.

கதவைத் தளர்வாக அமைத்தால் இரைச்சலே அதைத் திறந்துவிடும். வராத விருந்தாளிக்காகக் காத்திருப்பதுபோல், மோடம் அனுப்பாமலேயே இருக்கும். இறுக்கமாக அமைத்தால் தொலைவிலுள்ள நிலையத்தின் மெலிந்த குரல் உள்ளே நுழையாது. ஆகவே, எவரும் அனுப்பாத வேளையில் குமிழை மெல்லத் திருகி, இரைச்சல் அடங்கும் இடத்திலிருந்து இம்மியளவு மட்டும் கூடுதலாக நிறுத்துவதே வழக்கம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கதவு திறக்கச் சிறிது நேரம் பிடிக்கும். மனிதர் பேச்சில் முதல் எழுத்து விழுங்கப்பட்டாலும் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். மோடம் அப்படியன்று, ஓர் எழுத்து குறைந்தாலும் முழுச் செய்தியையும் தள்ளிவிடும். இதனால், அனுப்பும் நிலையம் முதலில் வெறும் அலையைச் சிறிது நேரம் அனுப்பிவிட்டுத்தான் செய்தியைத் தொடங்குகிறது. இந்தத் தாமதம் 300 மில்லிவினாடி என வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 1,200 பிட் வேகத்தில், அந்நேரத்திற்குள் 45 எழுத்துகளை அனுப்பிவிடலாம். நீர்மட்டச் செய்தியே அதைவிடச் சிறியதாக இருக்கக்கூடும்! எனினும், அந்த வீண்செலவைத் தவிர்க்க இயலாது.

அமைப்பு சரியா என்பதை மோடத்தின் முகப்பிலுள்ள சிறு விளக்குகள் காட்டிக்கொடுக்கும். அலை வருவதைக் காட்டும் விளக்கு அணையாமல் எரிந்தால் ஸ்குவெல்ச் தளர்ந்துள்ளது. பிற நிலையம் அனுப்பும்போதும் அது எரியாவிட்டால் அமைப்பு மிக இறுக்கமாக இருக்கலாம். ஆன்டெனாக் கம்பி அறுந்தும் இருக்கலாம். பல மோடங்களில், அனுப்பிய செய்திக்கு ஒப்புகை வராதவரை எரியும் விளக்கு ஒன்றும் இருக்கும்.

வெயில் காயும் அமைதியான காலையில் பார்த்துப் பார்த்து அமைத்தது, இடி மின்னலின்போது பொய்த்துப் போவதுண்டு. மின்னலும், அருகில் ஓடும் மின்னாக்கியும் இரைச்சலைக் கூட்டுகின்றன, கதவு திறந்துகொள்கிறது, மோடம் காத்திருக்கத் தொடங்குகிறது. ஆறு ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் நிலையம் வாய்மூடி நிற்கும். எனவே, அனுபவமுள்ள தொழில்நுட்பர் மின்னாக்கியை ஓடவிட்டு, நீரிறைக்கும் பம்பையும் இயக்கிவிட்டு, அதன் பிறகே குமிழில் கை வைக்கிறார்.