தனக்குத் தானே இடும் தடை

திருவள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். நளனும் தருமனும் நாடிழந்த கதையைத் தமிழ்ச் சிறுவரும் அறிவர். அவ்விருவரும் அறிவில் குறைந்தவரல்லர். ஆட்டத்தின் நடுவே எழுந்துசெல்ல இயலாதவர். சூதாடியின் துன்பம் முழுவதும் இவ்வொரு நிலையிலே அடங்கியிருக்கிறது.

கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் வழமையான ஓட்டங்கள் 1956இல் நின்றன. பந்தயமோ நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளின் மீது இந்நகரில் பணம் கட்டப்படுகிறது. இன்று கைத்தொலைபேசியும் பந்தய நிலையமாயிற்று.

வெள்ளவத்தையில் வாழும் ஓர் எழுதுவினைஞரை எண்ணிப் பார்ப்போம். சம்பள நாளன்று ஆயிரம் ரூபாய் இழக்கிறார். விட்டதைப் பிடிக்க மேலும் இரண்டாயிரம் கட்டுகிறார். இரவு வீடு திரும்புகையில் வாடகைப் பணமும் கையில் இல்லை. மறுநாட் காலை, இனித் தொடேன் என்று உறுதி பூணுகிறார். அவ்வுறுதி மெய்யானதே, ஆனால் அடுத்த சம்பள நாள்வரை நிலைப்பதில்லை.

காலையில் தெளிந்திருக்கும் மனம், மாலையில் மயங்கப்போகும் மனத்துக்கு முன்கூட்டியே தடை விதிப்பதே சுயவிலக்கு முறையாகும். தம்மை ஆட அனுமதிக்கலாகாது என்று ஒருவர் தாமே எழுதிக் கொடுக்கிறார். பிரித்தானியாவில் அத்தகைய பொதுப் பதிவேடு ஒன்று உண்டு. ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்னும் தவணைகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். குறைந்தபட்சத் தவணை முடியுமுன் மனம் மாறினாலும் தடை நீங்காது. அனுமதி பெற்ற இணையச் சூதாட்ட நிறுவனங்கள் யாவும் 2020 முதல் அதற்குக் கட்டுப்பட்டவை. சிங்கப்பூரிலோ குடும்பத்தினரும் விலக்குக் கட்டளை கோரலாம்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. அனுமதியின்றி இயங்கும் பிறநாட்டு இணையத்தளங்களை அது கட்டுப்படுத்தாது. ஆதலின், ஆடும் இடத்தை அடைப்பதோடு பணம் செல்லும் வழியையும் அடைத்தல் வேண்டும்.

இலங்கைப் பாராளுமன்றம் 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. எனினும், சட்டத்தை எதிர்பாராது குடும்பம் செய்யக்கூடியனவும் பல. சம்பளத்தை இருவர் கையொப்பமிட்டாலன்றி எடுக்க முடியாத வங்கிக் கணக்கில் இடலாம். வங்கி அட்டையால் இணையத்தில் பணம் செலுத்தும் வசதியை நிறுத்துமாறு வங்கியைக் கேட்கலாம். நகைப்பெட்டியின் திறப்பை மனைவியோ தாயோ வைத்திருக்கலாம். கடன் கொடுக்க வேண்டாமென உறவினரிடம் அவரே கூறிவிடலாம். இவை அவருடைய சம்மதத்துடன் நடைபெறுதல் வேண்டும்; இன்றேல் விலக்கு தண்டனையாகிவிடும்.

கட்டுப்படுத்த முடியாத சூதாட்டத்தை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. ஆகவே வைத்திய உதவி நாடுவதில் வெட்கமில்லை. தேசிய மனநல நிறுவகத்தை 1926 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் முன்னோர். அணையைக் கட்டும் நேரம், நீர் வற்றியிருக்கும் நேரமே. இழந்த மறுநாட் காலையில் தோன்றும் உறுதி அத்தகைய நேரம். அது கலையுமுன் ஒரு கையொப்பமாகவோ, பிறர் கையில் ஒப்படைத்த திறப்பாகவோ மாறிவிடுமாயின், அடுத்த மாத வாடகை வீட்டிலேயே இருக்கும்.