பார்த்துச் செய்யக் கற்பிக்க முடியுமா?

அண்ணன் செருப்பு மாட்டுவதைப் பார்த்த தம்பி, தன் காலைவிடப் பெரிய செருப்பில் காலை நுழைக்கிறான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உண்பது, உடுத்துவது, பேசுவது என்று எத்தனையோ விஷயங்கள் இப்படித்தான் பிள்ளைகளிடம் வந்து சேர்கின்றன. அந்தப் பார்த்துச் செய்யும் பழக்கமே இல்லாத குழந்தைக்கு எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்க நடத்தைப் பகுப்பாய்வாளர்கள் டொனால்ட் பேயர், ராபர்ட் பீட்டர்சன், ஜேம்ஸ் ஷெர்மன் மூவரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள, 9 முதல் 12 வயது வரையிலான மூன்று குழந்தைகள். யார் எதைச் செய்து காட்டினாலும் திருப்பிச் செய்யாதவர்கள்.

பயிற்சி சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. “இதைச் செய்” என்று சொல்லி ஆய்வாளர் கையைத் தூக்கினார். எதிரே இருந்த சிறுமி அசையவில்லை. அவர் அவள் கையைப் பிடித்துத் தானே தூக்கிவிட்டு, “நல்லது” என்று சொல்லி உடனே ஒரு கரண்டி உணவு ஊட்டினார். மறுபடியும் அதேதான். பிறகு பாதி வரை தூக்கிவிட்டார். மீதியை அவள் தூக்கினாள். உதவி மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் அவர் கை உயர்ந்தால் அவள் கையும் தானாக உயர்ந்தது. அடுத்து மேசையைத் தட்டுவது. பிறகு வேறொன்று. இப்படிப் பல செயல்கள். (உணவையே பரிசாக்கலாமா என்று இன்று கேட்போம், கேட்கவும் வேண்டும்.)

பயிற்சி நீள நீள, சொல்லியே தராத புதிய செயல்களையும் குழந்தைகள் பார்த்த மாத்திரத்தில் செய்தார்கள். சில செயல்களுக்கு எப்போதுமே உணவு தரப்படவில்லை. அவற்றையும் விடாமல் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் ‘அவரைப் போலவே செய்தேன்’ என்ற ஒப்புமையோடு பரிசு சேர்ந்து வந்ததால், அந்த ஒப்புமையே பரிசாகிவிட்டது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அதைச் சோதிக்கவும் செய்தார்கள். பார்த்துச் செய்ததற்கு உணவு தருவதை நிறுத்தி, செய்யாமல் இருக்கும் நேரத்தில் தந்தபோது, பரிசு பெறாத செயல்களும் சேர்ந்தே தேய்ந்தன. பழைய முறைக்குத் திரும்பியதும் எல்லாம் மீண்டன. இத்தனை எளிய சோதனையில் இவ்வளவு ஆழமான விஷயம் தெரிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

குரல்தான் கடினம். கையைப் பிடித்துத் தூக்கலாம், தொண்டையைப் பிடித்து ஒலி எழுப்ப முடியாதே! ஆய்வாளர் ஒரு வழி கண்டார். நாற்காலியிலிருந்து எழுந்து, அறை நடுவே நடந்து, சிறுமியைத் திரும்பிப் பார்த்து, “ஆ” என்றார், வந்து உட்கார்ந்தார். அவளும் எழுந்தாள், நடந்தாள், திரும்பினாள். முகத்தை எப்படி எப்படியோ சுளித்தாள், ஏதேதோ ஒலிகள் எழுப்பினாள். அவற்றுக்கிடையிலிருந்து மெல்ல ஒரு “ஆ” உருவாகி வந்தது. பிறகு நடையைக் குறைத்தார்கள், எழுவதை விட்டார்கள். இருவரும் இருந்த இடத்திலிருந்தே “ஆ” சொல்லும் நிலை வந்தது. அதன்மேல் மற்ற ஒலிகளும் சில எளிய சொற்களும் ஏறின.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சிகள் பலவற்றில் இன்றும், இதே வழியில், பேச்சுக்கு முன்பே, கைதட்டுவதையும் மேசையைத் தட்டுவதையும் பார்த்துச் செய்யப் பழக்குகிறார்கள்.